கணவாயில் ஒரு நீலக் கோடு

அந்த வரைபடம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. விரித்துப் பார்த்து நாளாயிற்று. விரிக்கும்போதெல்லாம் மடித்த இடங்களில் கிழிகிறது. கிழியட்டும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கிழிய வேண்டிய இடத்தில் மட்டும் கிழிய மாட்டேன் என்கிறது. கூமாப்பட்டிக்கு மேற்கே, மலை ஏறி அந்தப் பக்கம் இறங்குகிற கணவாயில், ஒரு நகத்தின் அளவுக்கு நீலக் கோடு ஒன்று இருக்கும். எங்கள் தொழிலில் நீலம் என்றால் சுண்ணாம்புக்கல். அந்தக் கோட்டை அங்கே வைத்தவன் நான். எனக்கு வேலை நிரந்தரமானது அந்தக் கோட்டால்தான்.

எங்கள் ஆபீஸ் ஊர் ஊராகப் போய்க் கல் பார்க்கிற ஆபீஸ். எந்த மலையில் என்ன பாறை, அது எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்ந்து கிடக்கிறது என்று அளந்து தாளில் நிறம் தீட்டுவது வேலை. தங்கம் தேடுகிறோம் என்று பாதிச் சனம் நம்பியது, ரயில் பாதை போடுகிறோம் என்று மீதிச் சனம் நம்பியது. நான் அதில் ஃபீல்டு அசிஸ்டெண்ட், டெம்பரரி. மழை ஓய்ந்ததும் சீசன் தொடங்கும், கோடை முற்றியதும் முடியும். சீசன் முடிந்தால் என் வேலையும் முடிந்தது. ஆபீஸ் மனது வைத்தால் அடுத்த வருஷம் மறுபடி கடிதம் வரும். ஏழு வருஷம் இப்படியே ஓடிற்று. ஏழு கோடையும் நான் தபால்காரனுடைய காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த அலுப்பு மலை ஏறுகிற அலுப்பைவிடப் பெரியது.

ராஜபாளையத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு அடுத்த வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அம்மாள் இருந்தாள். நான் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கும்போதெல்லாம் வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்பாள்: “அயிந்தா?” ஆயிற்றா என்று அர்த்தம். வேலை நிரந்தரம் ஆயிற்றா. “இன்னும் இல்லை” என்று நான் தமிழில் சொல்வேன். அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். ஆனாலும் அவள் வாசலில் இருக்கிறாளா என்று தெருமுனையிலேயே எட்டிப் பார்த்துவிட்டு வருகிற அளவுக்கு எனக்கு அந்த வார்த்தை மேல் வெறுப்பு வந்துவிட்டது. என் மனைவி ஒன்றும் கேட்க மாட்டாள். அது இன்னும் மோசம்.

எனக்கு மேலே இருந்தவர் ஒரு துரை. வடமேற்கு எல்லைப் பக்கத்து மலைகளில் இருபது வருஷம் உழைத்தவர். இரண்டு சீசன் நானும் அவரோடு அங்கே போயிருக்கிறேன். புல் பூண்டு இல்லாத மலைகள். பாறை அடுக்குகள் எல்லாம் வளைந்து, மடிந்து, சில இடத்தில் தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும். ஒரு நாள் காலையில் கூடாரத்துக்கு வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தரை ஆடிற்று. சமையல்காரரின் சட்டி கவிழ்ந்தது. நான் கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். துரை கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு, “இந்த மலையைப் பூமி இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது. மடிப்பு இன்னும் முடியவில்லை” என்றார். இரண்டாவது கோப்பை கேட்டார்.

பிறகு அவருக்கு நெஞ்சுவலி கண்டது. மலை ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசி இரண்டு சீசனுக்கு எங்கள் பக்கத்து மலையைக் கொடுத்தார்கள். “அங்கே மலை வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இங்கே மலை என்னைப் போல ரிட்டயர் ஆகிவிட்டது” என்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் பங்களாவில் சாப்பாட்டு மேஜை மேல் தாளை விரித்து வைத்துக்கொண்டு அவர் இருப்பார். நான் மேலே போய்ப் பார்த்து, அளந்து, கல் உடைத்துக் கொண்டுவந்து, என் நோட்டைக் கொடுப்பேன். அவருடைய கண்ணும் காலும் நானாகத்தான் இருந்தேன். ஏழு வருஷத்தில் என் நோட்டில் ஒரு பொய் இருந்ததில்லை. அதை அவரே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

எங்கள் நோட்டில் ஒரு கல்லைப் பற்றி எழுதும்போது முதலில் எழுத வேண்டியது, அது ‘இன் பிளேஸா’ இல்லையா என்பது. அதாவது பிறந்த இடத்திலேயே இருக்கிற பாறையா, அல்லது தண்ணீரோ மனிதனோ கொண்டுவந்து போட்டதா. இதைத் தெரிந்துகொள்ள ஒன்றும் பெரிய படிப்பு வேண்டாம். கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்ப வேண்டும். அசைந்தால் வந்த கல், அசையாவிட்டால் பிறந்த கல். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அது.

சுமை தூக்க எட்டுப் பேர் உண்டு. அவர்களுக்குத் தலைவராக ஒருவர். ஆலங்குளத்துப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்து, கூமாப்பட்டியில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். மலையில் எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பிளவக்கல் வழியாக மேலே ஏறுகிற பாதையை முதல் சீசனில் எனக்குக் காட்டியவரும் அவர்தான்.

அந்த முதல் ஏற்றத்தில்தான் நான் வாயைக் கொடுத்தேன். கணவாய்க்கு வந்து சேர்ந்தபோது மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் கூடாரம் அடிக்க வேண்டும். இந்த எட்டுப் பேரும் சுமையை இறக்கிவிட்டு ஒரு சாய்ந்த பலகைக் கல் முன்னால் போய் நின்றார்கள். ஒருவர் சூடம் ஏற்றினார். காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது. நானோ வேதக்கோயில் உபதேசியார் மகன். ஞாயிற்றுக்கிழமை சுத்தியலைக்கூடத் தொடாதவன். பசி வேறு, முழங்கால் வலி வேறு. கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“என்னய்யா இது? சாமி கும்பிடுறதெல்லாம் உங்க வீட்டோட வச்சுக்கிடுங்க. எங்கூட வாரப்ப இந்தக் காரியமும் வேண்டாம், இந்தப் பேச்சும் வேண்டாம்.”

தலைவர் என்னைப் பார்த்தார். “சரிங்கய்யா” என்றார். சூடத்தைத் துண்டில் முடிந்துகொண்டார். அதற்கப்புறம் இரண்டு சீசன் முழுக்க அவர்கள் என் முன்னால் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் சொன்னால் கேட்கிறார்கள் என்று எனக்குள்ளே ஒரு பெருமை. பெருமையாம் பெருமை. இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

துரைக்கு அந்த மலையில் ஒரு ஆசை இருந்தது. ஆலங்குளத்துச் சமவெளியில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பட்டையாக ஓடுகிறது. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தப் பட்டை மேற்கே கரிசலுக்குள் முங்கிப் போகிறது. முங்கிய பட்டை பூமிக்கு அடியில் வளைந்து, மறுபடி மலையில் எங்காவது தலைகாட்ட வேண்டும் என்று அவர் நம்பினார். பங்களாவில் கிடந்த கோரைப்பாயைச் சுவரோடு சேர்த்துக் காலால் தள்ளிக் காட்டுவார். பாய் நடுவில் குழிந்து இரண்டு பக்கமும் எழும். “ஒரு கரை ஆலங்குளத்தில் இருக்கிறது. இன்னொரு கரையைக் கண்டுபிடித்துக் கொடு. இந்த மலையின் மடிப்பு முழுவதும் நம் கைக்கு வந்துவிடும்” என்றார். அதைக் கண்டுபிடித்தால் என் வேலையை நிரந்தரம் ஆக்கச் சொல்லித் தானே எழுதுவதாகவும் சொன்னார். ஓய்வு பெற்றுப் போகிற துரை கேட்பதை ஆபீஸ் தட்டாது. அவர் போய்விட்டால் எனக்காக எழுத வேறு யாரும் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இரண்டு சீசனும் தேடினேன். கறுத்த பாறை, சாம்பல் பாறை, வெள்ளையாக மினுங்குகிற வெங்கச்சங்கல். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் ஓடிப்போய் அதன் மேல் ஒரு சொட்டுத் திராவகம் விடுவேன். சுண்ணாம்பாக இருந்தால் நுரைக்கும். ஒன்றும் நுரைக்கவில்லை. அட்டை கடித்ததும் கால் வீங்கியதும்தான் மிச்சம். இரண்டாவது சீசன் கடைசி வாரத்தில் எனக்குக் காய்ச்சல். நாளைக்குக் கூடாரம் பிரிக்கிறோம் என்ற நிலைமையில் கணவாய் வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம்.

மலைச் சரிவில் புல்லை எரித்திருந்தார்கள். முன்னே ஆள் உயரப் புல் நின்ற இடம் கருகிக் கிடந்தது. அந்தக் கருகலுக்குள்ளே, கணவாய்க்குக் கீழே, நூறு தப்படி நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாகக் கல் வரிசை. பாதிப் புதைந்தும் பாசி பிடித்தும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தது. குப்பியை எடுத்து ஒரு சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. அடுத்த கல்லிலும் நுரைத்தது. கரித்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடப்பாரை நாலு எட்டுத் தள்ளித்தான் கிடந்தது. எழுந்து போய் எடுத்திருக்க வேண்டும். காய்ச்சல் கொதித்தது, முழங்கால் மடங்க மறுத்தது, கிழக்கே இடி உருட்டிற்று. அதெல்லாம் சாக்கு. நெம்பிப் பார்க்க எனக்குப் பயம், அவ்வளவுதான். சுத்தியலால் மூன்று துண்டு உடைத்துப் பையில் போட்டேன். திசைகாட்டியை வைத்து வரிசை போகிற திசையை அளந்தேன். நோட்டை எடுத்தேன்.

தலைவர் பக்கத்தில் வந்து நின்றார். “ஐயா, அந்தக் கல்லு வந்து…”

“செத்த நேரம் பேசாம இருய்யா. எழுதிக்கிட்டிருக்கேன்லா.”

அவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். நான் எழுதினேன்: சுண்ணாம்புக்கல், இன் பிளேஸ்.

துரை அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கு முன்னால் அவர் என்னைத் தொட்டதே இல்லை. மறுநாள் ஆலங்குளத்துப் பட்டையிலிருந்து கணவாய் வரைக்கும் ஒரு புள்ளிக் கோடு வளைந்து போயிற்று. கணவாயில் நீல மை காய்ந்துகொண்டிருந்தது. அவர் பல்லிடுக்கில் ஏதோ இங்கிலீஷ் பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

இரண்டு நாள் கழித்துச் சாமான் கட்டினோம். பங்களாக் கொல்லையில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, கொண்டுவந்த கற்களுக்கு நம்பர் ஒட்டிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். தலைவர் எனக்கு எதிரே குத்தவைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கணவாய்க் கல் வந்ததும் கொடுக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

“ஐயா கோவிச்சுக்கிடக் கூடாது.”

“என்னய்யா?”

“இது எங்க ஊர்க் கல்லுய்யா.”

எனக்குப் புரியவில்லை. அவர் கல்லைத் திருப்பினார். அதில் ஒரு பிளவு இருந்தது. பிளவுக்குள் நகத்தை விட்டு நெம்பினார். கட்டியாக ஏதோ பெயர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தார், கறுப்பாக வழுவழுவென்று ஒட்டிக்கொண்டது. கரிசல் மண். அந்த மலையில் ஆயிரம் குழி வெட்டினாலும் கரிசல் கிடைக்காது. அங்கே இருப்பது செம்மண்ணும் மக்கிய இலையும்தான். அது கீழேயிருந்து வந்த கல் என்று ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. எப்படி வந்தது என்று அவரே சொன்னார்.

“மழையில்லாத வருசம் எங்க பக்கத்துச் சனம் அம்புட்டும் மலையேறி ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகும்யா. போறப்ப அவுகவுக காட்டுலருந்து ஒரு கல்லை மடியில கட்டிக்கிட்டுப் போவாக. கணவாயில நின்னு ஊரைப் பாத்துக் கும்பிட்டுட்டுச் சரிவுல போட்டுருவாக. கல்லு அங்க கெடந்தா ஆளு ஊருக்குத் திரும்பி வந்துருவான்னு ஒரு இது. எங்க தாத்தா போட்ட கல்லும் கெடக்கு, அவுக தாத்தா போட்டதும் கெடக்கு.” கல்லைப் பெருவிரலால் தடவினார். “எந் தம்பி போட்டதும் அங்கதான் கெடக்கு. அவன் போயி ஒம்பது வருசமாச்சு. இன்னும் வரல. கல்லு கெடக்குல்லா, வந்துருவான்.”

“நீயும் போடுவியாய்யா?”

“ஒவ்வொரு தடவையும் போடுவோம்யா. நீங்க முன்னால போன பொறவு.”

“ஏய்யா எங்கிட்ட சொல்லல?”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. “நீங்கதான் இந்தப் பேச்சே வேண்டாம்னீக” என்றார்.

கல்லை வாங்கிக் காகிதத்தில் சுற்றினேன். எட்டுப் பேருக்கும் தெரிந்த விஷயம், எந்தச் சிறுபிள்ளையிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும் விஷயம், சம்பளம் வாங்கிக்கொண்டு கல் பார்க்கிற எனக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. அதுவும் அவர்கள் வாயை நானே அடைத்து வைத்ததால். எழுந்து நேராகத் துரையிடம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அதைச் சத்தியமாகச் சொல்ல முடியும். படியில் ஏறும்போது வார்த்தையைக்கூடக் கூட்டி வைத்திருந்தேன்.

அவர் எனக்காகக் காத்திருந்தவர் மாதிரி ஒரு கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். என்னைப் பற்றிய கடிதம். இவனைப் போல நம்பிக்கையான ஆளை நான் பார்த்ததில்லை, இவனுடைய நோட்டை என் கண்ணாகவே நினைத்திருக்கிறேன், இவனை நிரந்தரம் ஆக்காவிட்டால் நஷ்டம் ஆபீஸுக்கு என்றெல்லாம் எழுதியிருந்தார். படித்துவிட்டு மடித்தார். மடித்தவர், ஒரு கேள்வி கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

“நெம்பிப் பார்த்தாய் அல்லவா? அசையவில்லையே?”

மேஜை மேல் அந்தத் தாள் விரிந்து கிடந்தது. அவருடைய கடைசி ஆசை அதில் வளைந்து கிடந்தது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது என்று இதுவரை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அவரை நான் நினைக்கவே இல்லை. ராஜபாளையத்துத் தெருமுனையை நினைத்தேன். தபால்காரனை நினைத்தேன்.

“இல்லை, சார். அசையவில்லை” என்றேன்.

“நல்லது” என்று உறையை ஒட்டினார்.

அந்தக் கோடையில் ஆர்டர் வந்தது. அடுத்த வீட்டு அம்மாள் வாசலில் நின்று கேட்டாள், “அயிந்தா?” நான் முதல் தடவையாக அவள் பாஷையிலேயே, “அயிந்தி” என்றேன். அவள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் சர்க்கரை கொண்டுவந்தாள். என் மனைவி அன்றைக்குத்தான் அழுதாள். ஏழு வருஷமாக அழாமல் எப்படி இருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. “இனிமே உங்களுக்கு நிம்மதிதான்” என்றாள். ஆமாம் என்றேன்.

துரை சீமைக்குப் போனார். படம் அச்சாகி வந்தது. அடுத்த வருஷம் அவர் இறந்துபோன சேதியும் வந்தது. நல்லவேளை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அப்படி நினைத்ததற்காக ஒரு வாரம் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் எந்த ஊர்ப் பாறைக்குப் போனாலும் நெம்பிப் பார்க்காமல் விட்டதில்லை. யானை மாதிரிக் கிடக்கிற பாறையைக்கூடக் கடப்பாரை கொடுத்து நெம்புவேன். கூட இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். “சார் மலையையே நகர்த்திப் பாத்துட்டுத்தான் நம்புவாரு” என்பார்கள். நானும் கூடச் சிரித்துவைப்பேன்.

உலகச் சண்டை நடந்த வருஷங்களில் ஆபீஸுக்கு ஒரு தாள் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் கட்டடம் கட்டுகிறார்கள். கீழேயிருந்து சுண்ணாம்பு ஏற்ற வண்டியும் இல்லை, மாடும் இல்லை. எங்கள் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். கணவாயிலேயே சுண்ணாம்புக்கல் இருப்பதாகக் காட்டியிருப்பதால், அது எவ்வளவு ஆழம் போகிறது என்று காட்ட ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அந்த இடத்தை அளந்தவனே போகட்டும் என்று மேலே யாரோ எழுதியிருந்தார்கள்.

கூமாப்பட்டிக்குப் போய்த் தலைவரைத் தேடினேன். தலை முழுக்க நரைத்திருந்தது. சுமை தூக்குவதை விட்டுவிட்டாராம். ஆனாலும் நான் கூப்பிட்டதும், “வாரேன்யா, செத்த இருங்க” என்று உள்ளே போய் மடியில் ஏதோ முடிந்துகொண்டு வந்தார். மகன் ஒருவன் பட்டாளத்தில் இருக்கிறான் என்று வழியில் சொன்னார். தம்பியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, “அவன் இன்னும் வரல” என்றார். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கிற்று. பத்து எட்டுக்கு ஒரு தரம் நின்றேன். அவரும் என்னோடு நின்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆள் வருகிற வரைக்கும் எஸ்டேட்காரர்கள் காத்திருக்கவில்லை. கணவாய் ஓரத்திலேயே காளவாசல் கட்டி, சரிவில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டு எரித்துச் சுண்ணாம்பாக்கி, அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். வெள்ளை வரிசை இருந்த இடத்தில் வரிசையாகக் குழிகள். குழிக்குள் செம்மண். சில இடத்தில் ஆழமாகத் தோண்டியிருந்தார்கள், அடியில் கறுத்த பாறை தெரிந்தது. தலைவர் அந்தக் குழிகளின் ஓரமாகவே நடந்து கடைசி வரைக்கும் போனார். திரும்பி வந்தார்.

எஸ்டேட் மேஸ்திரி ஒருவர் படத்தை என் முன்னால் நீட்டினார். “பதினோரு நாள் எரிச்சோம், தீந்துபோச்சு. அடியில தோண்டுனா வெறும் பாறை. மிச்சம் எங்கே சார் இருக்கு?”

“மிச்சம் இல்லை” என்றேன். “அது இங்கே பிறந்த கல் இல்லை. சனங்கள் கொண்டுவந்து போட்டது. நான் நெம்பிப் பார்க்காமல் எழுதினேன். பார்த்ததாகப் பொய்யும் சொன்னேன்.”

இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்தது இவ்வளவு சுலபமாக வெளியே வந்துவிட்டது. மேஸ்திரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். ஊருக்குத் திரும்பியதும் இதையே ஆபீஸுக்கும் எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அவ்வளவுதான். நிரந்தரமான ஆளை அதற்காக யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

மேஸ்திரி போன பிறகு கணவாயில் நாங்கள் இரண்டு பேர்தான். கிழக்கே சமவெளி வெயிலில் வெளிறிக் கிடந்தது. நான் அவரிடம் சொன்னேன், “எம்மேல தப்பு. உங்க தாத்தா கல்லு, தம்பி கல்லு எல்லாம் என்னாலதான் போச்சு. அன்னிக்கே சொல்லியிருந்தா ஒருத்தனும் இங்க வந்திருக்க மாட்டான். என்னய மன்னிச்சிருங்க.” அவரை அதுவரை நான் ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை.

அவர் குழி ஓரத்துச் செம்மண்ணைக் காலால் உள்ளே தள்ளினார். பிறகு, “விடுங்கய்யா” என்றார். “இனியும் மழையில்லாத வருசம் வரத்தான் செய்யும். எங்க சனம் போகத்தான் செய்யும். ஒரு நூறு வருசம் போகட்டும், நீங்க எழுதுனது சரியாப் போயிரும்.” என்னைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், நான் தாங்கியிருப்பேன்.

மடியை அவிழ்த்தார். உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைக் கல். பிளவில் கரிசல் ஒட்டியிருந்தது.

“மகனுக்காய்யா?” என்று கேட்டேன்.

“இல்லய்யா. அவன் சர்க்கார் ரயில்ல போனான், அவனுக்கு இது கணக்கில்ல. இது தம்பிக்கு.”

ஊரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போட்டார். கல் இரண்டு தடவை துள்ளி, உருண்டு, முதல் குழிக்குள் போய் விழுந்தது. அவர் என் பையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். நான் கொண்டுவந்த கடப்பாரை காலடியிலேயே கிடந்தது. அந்த ஒரு கல்லை மட்டும் நான் அசைத்துப் பார்க்கவில்லை.